தீக்குச்சிப் பெண்களின் தோழி பள்ளி வாரியத்தில் அமர்ந்த கதை



சங்கம் என்றால் சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் போராடுவது, பள்ளிக்கூடம் என்றால் அது வாத்தியார்மார் பாடு என்று நம்மில் பலர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பள்ளி வாரியத்துக்கு ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பினால், நமக்கு என்னாங்க தெரியும், படிச்சவங்க யாரையாச்சும் போடுங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போய்விடுகிறோம். சம்பளம் இல்லாத வேலை, படியும் கிடையாது, அதில் போய் உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறவர்களும் உண்டு.

அப்படிக் கேட்கிறவர்களுக்காகவே இந்த வாரம் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். அவர் அன்னி பெசண்ட் அம்மையார். சென்னையில் பெசண்ட் நகர் என்று ஒரு பட்டணத்துப் பகுதியே அவர் பெயரில் இருக்கிறது. இந்திய தேசிய காங்கிரசின் முதல் பெண் தலைவர் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களும் இருப்பீர்கள். ஆனால் இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால், லண்டன் மாநகரில் சம்பளமில்லாத ஒரு நாற்காலியில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து அவர் செய்த காரியம் நம்மவர் பலருக்குத் தெரியாது. தொழிலாளிக்கும் பள்ளி வாரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு அதுவே பதில்.

இரவல் கல்வி

1847-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில் அன்னி உட் பிறந்தார். ஐந்து வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். தாயார் ஹேரோ பள்ளியில் படிக்கும் பையன்களுக்குச் சோறு போட்டுத் தங்கவைக்கும் விடுதி ஒன்றை நடத்தித்தான் காலம் தள்ளினார். பெண்பிள்ளையைப் படிக்கவைக்கக் கையில் காசில்லை. எலன் மேரியட் என்ற ஒரு சீமாட்டி அந்தப் பிள்ளையைத் தம்மோடு அழைத்துப் போய், ஒரு காசு வாங்காமல் படிக்கவைத்தார். கல்வி என்பது காசுள்ளவன் வீட்டுச் சொத்தாக இருந்த காலத்தில், அன்னிக்கு அது ஒரு நல்ல மனுசியின் தயவால் கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு தயவு கிடைக்குமா? கிடைக்காது அல்லவா? பின்னாளில் அவர் கேட்ட கேள்வியும் அதுதான்.

20 வயதில் பிராங்க் பெசண்ட் என்ற பாதிரியாருக்குக் கட்டிவைத்தார்கள். ஒரு மகன், ஒரு மகள். கணவருக்கு லிங்கன்ஷயரில் சிப்சி என்ற கிராமத்தில் வேலை. அங்கேதான் விவசாயக் கூலிகளின் வாழ்க்கையை அன்னி நேரில் பார்த்தார். ஒரே அறையில் மூன்று நான்கு தலைமுறை படுத்துக் கிடக்கும் குடிசைகள். சங்கத்தில் சேர்ந்தால் வேலை இல்லை என்று மிரட்டும் பண்ணைக்காரர்கள். 1872-ல் இங்கிலாந்து விவசாயக் கூலிகள் நாடு தழுவிய சங்கம் கண்ட காலம் அது. நம் தோட்டங்களில் சங்கம் தலையெடுத்தபோது நம் பெற்றோர் பட்ட பாட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கணவரோடு ஒத்துப்போகவில்லை, மதக் கொள்கையிலும் நம்பிக்கை போய்விட்டது. 1873-ல் சட்டப்படி பிரிந்தார்கள். பிறகு சார்லஸ் பிராட்லா என்ற பகுத்தறிவாளரோடு சேர்ந்து மேடையேறினார். 1877-ல் இருவரும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை மலிவு விலையில் வெளியிட்டார்கள். அரசாங்கம் வழக்குப் போட்டது. ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் சட்ட ஓட்டையால் தப்பினார்கள். சிறைக்குப் போகாமல் தப்பிய அன்னிக்கு அதைவிடப் பெரிய தண்டனை காத்திருந்தது. இப்படிப்பட்ட கொள்கைக்காரி பிள்ளை வளர்க்கத் தகுதியில்லை என்று சொல்லி, 1878-ல் நீதிமன்றம் மகள் மேபலை அவரிடமிருந்து பிடுங்கித் தகப்பனிடம் கொடுத்தது. பிள்ளைக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை.

சொந்தப் பிள்ளையை வளர்க்கக்கூட உரிமையில்லை என்று சட்டம் ஒதுக்கிய அந்தத் தாயைத்தான், பத்து ஆண்டு கழித்துக் கிழக்கு லண்டன் ஏழைகள் தங்கள் பிள்ளைகளுக்காகப் பேசு என்று சொல்லி ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

தீப்பெட்டி ஆலை

1888-ஆம் ஆண்டு. கிழக்கு லண்டனில் பிரயண்ட் அண்ட் மே என்ற தீப்பெட்டிக் கம்பெனி. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 13, 14 வயதுச் சிறுமிகளும் உண்டு. கோடைக் காலத்தில் காலை ஆறரை மணிக்கு வேலை தொடங்கினால் மாலை ஆறு மணி வரை நின்றபடியே வேலை. சிறுமிக்கு வாரச் சம்பளம் நான்கு ஷில்லிங். அந்தச் சம்பளத்திலும் அபராதம். பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம், இடத்தில் குச்சி சிதறிக் கிடந்தால் அபராதம். கம்பெனிக்குப் பிடித்த ஒரு பிரதம மந்திரிக்குச் சிலை வைக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு ஷில்லிங் சம்பளத்தில் பிடித்தார்கள் என்றும் அன்னி எழுதினார். பங்குக்காரர்களுக்கோ 20 விழுக்காட்டுக்கு மேல் லாபம்.

அந்தக் குச்சி முனையில் வைப்பது வெள்ளைப் பாஸ்பரஸ். அது கலந்த காற்றிலேயே நின்று வேலை செய்து, அங்கேயே ரொட்டியையும் தின்றால் தாடை எலும்பு அழுகும். நாம் மருந்தடிக்கிற கையோடு சோறு தின்னாதே என்று பெண்களுக்குச் சொல்கிறோமே, அதே கதைதான்.

ஜூன் 23-ஆம் நாள் அன்னி தம் சிறு பத்திரிகையில் இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினார். எழுதியது பொய் என்று கையெழுத்துப் போடச் சொல்லி ஆலையில் பெண்களை நெருக்கினார்கள். பெண்கள் போடவில்லை. ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தியதும், ஜூலை முதல் வாரத்தில் சுமார் 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் அந்தப் பெண்களே. அன்னி நிதி திரட்டினார், எழுதினார், பாராளுமன்றம் வரை அவர்களை அழைத்துப் போனார். இரண்டு வாரத்தில் கம்பெனி பணிந்தது. அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி இடம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், நிறுத்தியவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் கட்டிய சங்கத்துக்கு அன்னி முதல் செயலாளர் ஆனார்.

சங்கத்து வேலையிலிருந்து பள்ளி வேலைக்கு

ஜூலையில் வேலைநிறுத்தம். நவம்பரில் லண்டன் பள்ளி வாரியத் தேர்தல்.

இந்த வாரியம் 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் உண்டானது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவது, ஆசிரியரை நியமிப்பது, சாமான் வாங்குவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை தேர்தல். பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை பெண்களுக்கு இல்லாத அந்தக் காலத்திலேயே, பள்ளி வாரியத்துக்கு வரி கட்டும் பெண்கள் ஓட்டுப் போடலாம். பெண்கள் தேர்தலில் நிற்கவும் செய்யலாம். உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. இதற்குக் கீழே ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாளர் குழுக்கள் இருந்தன. அவர்களும் தொண்டர்களே.

தீப்பெட்டிப் பெண்கள் குடியிருந்த டவர் ஹாம்லெட்ஸ் தொகுதியில் அன்னி நின்றார். மதம் இல்லாதவள், பிள்ளையை இழந்தவள், கோர்ட்டுக்குப் போனவள் என்று எதிரிகள் கிளறாத குப்பை இல்லை. அவர் மக்கள் முன் வைத்ததோ மூன்று காரியங்கள்: பள்ளியில் கட்டணம் கூடாது, பசியோடு வரும் பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டும், வாரியம் கொடுக்கும் குத்தகை வேலைக்கு நியாயச் சம்பளம் வேண்டும். 15,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வாங்கி அந்தத் தொகுதியில் முதலாவதாக வந்தார்.

மூன்று காரியங்கள் என்ன ஆயின?

முதலில் சம்பள விஷயம். பள்ளி கட்டும் குத்தகைக்காரர், புத்தகம் அச்சடிப்பவர், மேசை நாற்காலி செய்பவர் எல்லாரும் வாரியத்திடம் பணம் வாங்குகிறவர்கள். குறைந்த விலைக்கு யார் செய்கிறாரோ அவருக்கே வேலை. குறைந்த விலை எங்கிருந்து வரும்? கூலியாளின் வயிற்றிலிருந்துதான் வரும். ஒரு தொழிலாளியின் பிள்ளை உட்காரும் நாற்காலியை இன்னொரு தொழிலாளியின் வயிற்றில் அடித்துச் செய்வது நியாயமா என்பதே கேள்வி. 1889-ல், தொழிற்சங்கம் ஒப்புக்கொண்ட சம்பளத்தைக் கொடுக்கும் நிறுவனங்களுக்கே வேலை என்று வாரியம் தீர்மானித்தது. பொது அமைப்புகளில் இப்படிச் செய்த முன்னோடி அதுதான். அதைப் பார்த்து லண்டன் மாவட்ட மன்றம் செய்தது. 1891-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றமே நியாயச் சம்பளத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு பள்ளி வாரியத்தின் மேசையில் பிறந்த காரியம் நாட்டின் கொள்கையாக ஆகிவிட்டது.

இரண்டாவது பள்ளிக் கட்டணம். அப்போதெல்லாம் பிள்ளைகள் வாராவாரம் ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று கையில் கொண்டுபோக வேண்டும். வேலையில்லாத தகப்பன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அதிகாரிகள் முன் போய் நின்று தன் வறுமையை நிரூபிக்க வேண்டும். மானத்துக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. கட்டாயம் பள்ளிக்கு வா என்கிறாய், வந்தால் காசு கேட்கிறாய், இது என்ன நீதி என்று அன்னியும் அவரைப்போன்றவர்களும் விடாமல் வாதாடினார்கள். அவர் பதவியில் இருந்த காலத்திலேயே, 1891-ல், கட்டணத்துக்குப் பதிலாக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் அரசாங்கமே தரும் என்று சட்டம் வந்தது. பெரும்பாலான பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது.

மூன்றாவது சாப்பாடு. இதில்தான் அவருக்கு அன்றைக்கு முழு வெற்றி கிடைக்கவில்லை. அவர் பள்ளிகளுக்கு நேரில் போய் வகுப்பறையில் பிள்ளைகளைப் பார்த்தார். வெறும் வயிற்றோடு வந்து கணக்குப் போடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏறும்? 1889-ல் வாரியத்தின் குழு ஒன்று விசாரித்ததில், 40,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போதிய உணவில்லாமல் பள்ளிக்கு வருவது தெரிந்தது. உலகத்தின் பணக்கார நகரத்தில் இந்தக் கணக்கு! ஆனாலும் பொதுப்பணத்தில் சோறு போட வாரியத்துக்கு அதிகாரம் வரவில்லை. தர்மவான்கள் கூடிப் பள்ளிச் சாப்பாட்டுச் சங்கம் ஒன்றை அமைத்ததோடு நின்றது. தர்மச்சோறு வேண்டாம், உரிமைச்சோறு வேண்டும் என்ற வழக்கு தொடர்ந்தது. 1906-ல்தான் பள்ளியில் உணவு கொடுக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1907-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனைச் சட்டமும் வந்தது. அன்னி வாரியத்தை விட்டுப் போய்ப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! நட்டவர் ஒருவர், பால் எடுத்தவர் வேறொருவர். மரம் நடுகிற நமக்கு இது தெரியாதா?

தூத்துக்குடியில் இறங்கினார்

1889-ல் அவருடைய மனம் பிரம்மஞான சபையின் பக்கம் திரும்பியது. கூட இருந்தவர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். 1891-ல் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. 1893 நவம்பர் 16-ஆம் நாள் இலங்கை வழியாக வந்து தூத்துக்குடியில் இறங்கினார். நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்த அதே காலம்.

வந்த இடத்திலும் பள்ளி வேலையை விடவில்லை. 1898-ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி, 1904-ல் அங்கேயே பெண்களுக்குப் பள்ளி. அந்தக் கல்லூரியைக் கருவாகக் கொண்டே பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1907-ல் அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1916-ல் தன்னாட்சி இயக்கம் தொடங்கினார். 1917 ஜூனில் சென்னை அரசாங்கம் அவரையும் அவருடைய தோழர்கள் அருண்டேல், வாடியா இருவரையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. நாடு கொதித்தது, மூன்று மாதத்தில் விட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். கூடச் சிறைப்பட்ட அந்த வாடியாதான் மறு ஆண்டு, 1918 ஏப்ரலில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார். திரு.வி.க. போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும்

நல்லது சொன்ன வாயால் குறையும் சொல்லத்தான் வேண்டும். காந்தியாரின் ஒத்துழையாமை இயக்கத்தை அம்மையார் எதிர்த்தார். அதனால் மக்கள் செல்வாக்கை இழந்தார். அது அரசியல், போகட்டும். ஆனால் 1909-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை நாம் மறக்கக்கூடாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை உடனே மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்ற கருத்தை அதில் எழுதினார். டாக்டர் அம்பேத்கர் பின்னாளில் தம் நூலில் இதை எடுத்துக்காட்டிக் கண்டித்தார்.

லண்டனில் அழுக்குத் துணியோடு வந்த பிள்ளைக்காகச் சண்டை போட்டவர், இந்தியாவில் சேரிப் பிள்ளை விஷயத்தில் ஏன் தடுமாறினார்? நாம் நினைப்பது இதுதான். லண்டனில் அவரை அந்த நாற்காலிக்கு அனுப்பியவர்கள் ஏழைகள். மறுபடி ஓட்டுக் கேட்க அவர்களிடமே போக வேண்டும். அவர்கள் வாய் திறந்து பேசினார்கள், அவர் கேட்டுக்கொண்டார். காசியிலும் அடையாறிலும் சேரிப் பிள்ளையின் தாய்க்கும் தகப்பனுக்கும் அப்படி ஒரு ஓட்டு இல்லை, இடம் இல்லை. எவ்வளவு பெரிய மனம் படைத்தவராக இருந்தாலும், நம் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அவர் கண்ணுக்குத் தெரிவது வரைக்கும்தான் நமக்கு நியாயம்.

1933 செப்டம்பர் 20-ஆம் நாள் அடையாறில் அம்மையார் காலமானார். வயது 85.

நம் பள்ளி, நம் நாற்காலி

இப்போது நம் கதைக்கு வருவோம். மலாயாவில் தோட்டப் பள்ளிகள் தானாக முளைக்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள், லயத்தின் ஒரு மூலையில், ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில். சொல்லிக்கொடுத்தவர் பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான். பள்ளியை நடத்தியது தோட்ட நிர்வாகம். பிள்ளையைப் பெற்றவனுக்கு அங்கே பேச்சே இல்லை. துரை வைத்ததே சட்டம்.

இன்றைக்கு அப்படி இல்லை. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கு வாரியம் உண்டு. எல்லாப் பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்படுகிறது, ஆட்கள் பட்டணத்துக்குப் போகிறார்கள், பிள்ளைகள் குறைகிறார்கள். பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது? கம்பெனி விற்றால் பள்ளி என்ன ஆகும்? வேறு இடத்துக்கு மாற்றினால் பிள்ளைகள் எதில் ஏறிப் போவார்கள்? ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் துணை உணவு எல்லாத் தகுதியுள்ள பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறதா? பள்ளியைக் கூட்டுகிற, காவல் காக்கிற குத்தகைத் தொழிலாளிக்கு ஒழுங்கான சம்பளம் கிடைக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. இதில் எதையுமே பட்டணத்துப் பெரிய மனிதரைவிட நமக்கு நன்றாகத் தெரியும்.

சங்கத்தில் நாம் கற்றுக்கொண்ட வித்தை இருக்கிறதே, கூட்டக் குறிப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்பது, கணக்கைக் காட்டச் சொல்வது, ஒரு தீர்மானத்தை எழுதி இன்னொருவரைக் கொண்டு ஆதரிக்கச் செய்வது, இது அத்தனையும் பள்ளிக் கூட்டத்திலும் அப்படியே பயன்படும். முதல் கூட்டத்தில் வாய் வராது. இரண்டாவதில் ஒரு கேள்வி வரும். மூன்றாவதில் நமக்குப் பதில் சொல்லத் தயாராக வருவார்கள்.

முக்கியமாகத் தாய்மார்களுக்குச் சொல்கிறோம். பிள்ளையின் பசியும் காய்ச்சலும் புத்தகப்பையின் கனமும் முதலில் தெரிவது உங்களுக்குத்தான். ஓட்டுரிமை இல்லாத காலத்திலேயே ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவு செய்தார் என்றால், ஓட்டும் உரிமையும் உள்ள நீங்கள் எதற்குத் தயங்க வேண்டும்?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்குக் கடிதம் வந்தால் அடுப்படியில் செருகி வைக்காதீர்கள். தோட்டக் கமிட்டியில் பேசி, இரண்டு பேரையாவது முன்கூட்டியே முடிவு பண்ணுங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அன்றைக்கு வேலை இருந்தால் ஒருவர் பாத்தியை இன்னொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கிறவரைத் தனியாக விடாமல் கூடப் போய் உட்காருங்கள்.